பஸ் ஸ்டாண்டில் மாத்திரையை எங்கே வைப்பது? எச்ஐவியோடு வாழும் ஓர் அண்ணனுக்கு வாடகை வீடு

நொய்யல்கரை (திருப்பூர்) | ஜூலை 19, இரவு 10:12

வணக்கமுங்க. ஓர் அண்ணனுக்கு வீடு பார்க்கிறேன். அது சம்பந்தமாகச் சில விஷயம் கேட்க வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரத்தை மாற்றியிருக்கிறேன்.

நான் சின்னதாக ஒரு பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பீஸ் மூட்டை ஏற்றி இறக்க வாரத்துக்கு நான்கு நாள் அவர் வருவார். வயது ஐம்பதுக்குப் பக்கம், பேச்சு குறைவு. பஸ் ஸ்டாண்டில்தான் படுக்கிறார் என்பது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இழுக்கப் போனபோது, "தம்பி, இந்தப் பையை மட்டும் இன்னைக்கு உள்ள வெச்சுக்கறீங்களா? நனைஞ்சா வீணாப் போயிருமுங்க" என்றார். தன்னை உள்ளே விடச் சொல்லிக் கேட்கவில்லை, பையைத்தான் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவராகவே சொன்னார். பையிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துத் திறந்து காட்டினார். லேபிளை நகத்தால் சுரண்டியிருந்தார். மாத்திரைக்கு மேலே ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட் திணித்திருந்தது. எங்கள் யூனிட்டில் தரையில் கிடக்கும் அதே கட்டிங் வேஸ்ட். "நடந்தா கலகலன்னு சத்தம் கேக்குமுங்க. பக்கத்துல படுக்கறவன் என்ன மாத்திரைன்னு கேப்பான்" என்றார்.

அப்பா இருந்தவரை ஊரில் காட்டுச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருந்திருக்கிறார். அப்பா போனதும் கூடப் பிறந்தவர் சாளைக்குப் பூட்டுப் போட்டுவிட்டாராம். போன வருசம் பஸ் ஸ்டாண்டில் பை திருடு போய், அந்த வெறுப்பில் நான்கு மாதம் மாத்திரையே சாப்பிடவில்லை. எடை குறைந்து, இருமல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

ஒரு ரூம் பிடித்துக் கொடுத்தால் போதும் என்று என் மனதுக்குப் படுகிறது. நண்பர்களோ "ஏதாவது காப்பகத்தில் சேர்த்துவிடு, அங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். எது சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மஞ்சக்காடு (ஈரோடு) | ஜூலை 19, இரவு 10:40

நல்ல காரியம் செய்கிறீர்கள் தம்பி. எனக்கு இதில் விவரம் பத்தாது, படிக்கிறேன்.

---

கவுன்சலர்_அக்கா (ஈரோடு) | ஜூலை 19, இரவு 11:31

தம்பி, நான் முதலில் எச்ஐவி பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்திலும் பிறகு எச்ஐவி மருந்து கொடுக்கிற ஏஆர்டி மையத்திலுமாகப் பதினொரு வருசம் கவுன்சலராக வேலை பார்த்தேன். உங்கள் பதிவில் அந்தப் பனியன் வேஸ்டைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனை வைத்துவிட்டேன்.

புதிதாக மாத்திரை ஆரம்பிக்கிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "மாத்திரையை எங்கே வைப்பீங்க?" வீடு இருக்கிறவர்கள் உடனே சொல்வார்கள். சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டின்னுக்குள், தையல் மிஷின் டிராயரில். மாமியாருக்குத் தெரியாமல் துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்த ஒரு அம்மிணிக்கு எட்டு வருசத்தில் ஒரு நாள்கூட மிஸ் ஆனதில்லை. வீடு இல்லாதவர் அந்தக் கேள்விக்குத் தரையைப் பார்ப்பார். அவர்களுக்குச் சொல்ல என்னிடமும் பதில் இருந்ததில்லை.

மருந்து நம் நாட்டில் 2004 ஏப்ரலில் இருந்து அரசாங்கத்தில் இலவசம். 2017க்குப் பிறகு சிடி4 என்கிற எதிர்ப்புச் சக்தி அணு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல், பாசிட்டிவ் என்று தெரிந்ததும் மருந்து தொடங்கிவிடுகிறார்கள். இப்போது பெரும்பாலும் கொடுக்கிற டிஎல்டி நல்ல மருந்து. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு தடவை. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற கணக்குகூட இல்லை. இவ்வளவு சுலபமான மருந்தை ஒருவர் விடுகிறார் என்றால், பெரும்பாலும் அவர் வாழ்கிற நிலைமைதான் காரணம்.

அந்த நிலைமையைச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, வயிறு எரியும். பெட்டிக்கடையில் ஜெல் மாத்திரை வாங்கி மெல்லுவார். அதில் இருக்கிற அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஏஆர்டி மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் அந்த ஜெல் மாத்திரை சாப்பிடலாம். அதை முதலில் சாப்பிட்டுவிட்டால் 6 மணி நேரம் விட வேண்டும். கடிகாரமும் தட்டும் தண்ணீரும் இருக்கிற வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. பிளாட்பாரத்தில் யார் நேரம் பார்ப்பார்கள்?

அப்புறம், ஒருவர் மாத்திரை வாங்க வரவில்லை என்றால் மையத்திலிருந்து ஃபோன் போடுவோம். எடுக்காவிட்டால் களப்பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். வீடே இல்லாதவரை எங்கே போய்ப் பார்ப்பது? ஃபோனும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். கொஞ்ச நாளில் அந்தப் பெயர் "தொடர்பு விட்டுப்போனவர்" பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் பெயர் எழுதிய பேனா என்னுடையது. அதனால்தான் சொல்கிறேன், ரூம் பிடியுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். இருமல் இருந்தது என்றீர்களே, சளிப் பரிசோதனை முடிந்து காசநோய் மருந்து ஓடுகிறதா, அல்லது இல்லை என்று உறுதியாகி தடுப்பு மாத்திரை கொடுத்தார்களா என்று கேளுங்கள். எச்ஐவி உள்ளவர்களின் உயிரை அதிகமாக எடுப்பது டிபிதான்.

---

நொய்யல்கரை | ஜூலை 20, காலை 7:05

நன்றிங்க அக்கா. டிபி இல்லை என்று வந்துவிட்டது. தடுப்பு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது, அவரே சொன்னார். ஜெல் மாத்திரை விஷயம் எங்கள் இருவருக்குமே புதுசு. தினமும் மெல்லுவாராம்.

---

ஏற்காடு_அடிவாரம் (சேலம்) | ஜூலை 20, காலை 9:50

காப்பகம் பற்றி நான் சொல்கிறேன். நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத்தில் ஐந்து வருசமாகத் தன்னார்வலராகப் போய் வருகிறேன்.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும், அது 24 மணி நேரமும் வருசம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ல் உணவு உரிமை வழக்கிலேயே சொன்னது. அதன் பிறகு வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்கு வைத்தார்கள். நம் மாநகராட்சிகளிலும் இப்படித் தங்குமிடங்கள் நடக்கின்றன. மழைக்கும் பனிக்கும் ஒதுங்க, குளிக்க, ஒரு வேளை சூடாகச் சாப்பிட, போலீஸ் தட்டி எழுப்பாமல் தூங்க அது பெரிய ஆதரவு. யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் அண்ணனுக்கு அது முதல் படிதான். வரிசையாகப் பாய், அடுத்த பாய்க்காரரின் மூச்சு மேலே படும். அங்கே ஒருவருக்கு டிபி இருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு என்ன ஆகும் என்று அக்கா சொல்லாமலே தெரியும். பூட்டு வைத்த பெட்டி எல்லாருக்கும் கிடைக்காது. மாத்திரை போடும்போது நாற்பது கண் பார்க்கும். ஒருவர் கழிப்பறைக்குள் போய் எச்சிலோடு மாத்திரையை விழுங்கிவிட்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை.

---

சிறுவாணித்தண்ணி (கோவை) | ஜூலை 20, மதியம் 1:22

பொது சுகாதாரம் படிக்கிறேன். இதே கேள்வியை அமெரிக்காவில் முறையாகச் சோதித்திருக்கிறார்கள், அதைச் சொல்கிறேன்.

சிகாகோவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த, வீடில்லாத, எச்ஐவி உள்ள 105 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம் போல டிஸ்சார்ஜ். இன்னொரு பாதிக்கு டிஸ்சார்ஜ் ஆனதும் நிலையான வீடு, கூடவே அவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஒரு வருசம் கழித்துப் பார்த்தால், எதிர்ப்புச் சக்தி சிதையாமல் உயிரோடு இருந்தவர்கள் வீடு கிடைத்த பக்கம் 100க்கு 55 பேர், கிடைக்காத பக்கம் 34 பேர். ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்தவர்கள் ஒரு பக்கம் 36, மறு பக்கம் 19. 2009ல் வெளியான ஆய்வு இது. இரண்டு பக்கத்துக்கும் சிகிச்சைக்கான வழி ஒன்றுதான். கூடுதலாகக் கொடுத்தது வீடும் துணைக்கு ஓர் ஆளும்.

பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் மூன்று ஊரிலும் சேர்த்து 630 பேரை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. அதில் வாடகை உதவி கிடைக்காத பக்கத்தில் இருந்தவர்களிலும் பாதிப் பேர் 18 மாதத்துக்குள் தாங்களாகவே வீடு பிடித்துவிட்டார்கள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் எந்தப் பக்கமானாலும், இடையில் தெருவுக்கு வந்தவர்களின் ரத்தத்தில் வைரஸ் தெரிவதற்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது.

எச்ஐவி உள்ளவர்களின் வாடகைக்கென்றே அந்த நாட்டில் 1990ல் தனிச் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்குகிறார்கள். நம் ஊரில் மாத்திரைக்கு அரசாங்கம் செய்திருப்பது பெரிய சாதனை. அந்த மாத்திரையை வைக்க ஓர் அலமாரி கிடைக்கவும் அதே அரசாங்கம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

---

லைன்வீடு (அனுப்பர்பாளையம்) | ஜூலை 20, இரவு 8:15

நான் வீட்டு ஓனர். ஆறு லைன் வீடு விட்டிருக்கிறேன். மனதில் இருப்பதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் லைனில் ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை, ஒரு உப்புத்தண்ணித் தொட்டி. குழந்தைகள் இருக்கிறார்கள். இப்படி ஒருவர் வந்தால் அவர்களுக்கு ஏதும் ஆகுமா? அப்புறம், மற்றவர்களுக்குத் தெரிந்தால் ஐந்து வீடும் காலியாகிவிடும். அந்த வாடகையில்தான் என் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறேன். இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை, எல்லா ஓனருக்கும் இருக்கும்.

---

கவுன்சலர்_அக்கா | ஜூலை 20, இரவு 8:48

அண்ணா, நேராகக் கேட்டதற்கு நன்றி. கேட்காமலே "வீடு இல்லை" என்று சொல்லி அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

கக்கூஸ், பக்கெட், தொட்டித் தண்ணீர், கொசு, இருமல், ஒரே தட்டில் சாப்பாடு, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது, இது எதிலும் பரவாது. ஒரு நாளும் பரவாது. ரத்தம், உடலுறவு, ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவ்வளவுதான் வழி. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் தெரியாத அளவுக்குப் போய்விட்டால் உடலுறவிலும் பரவாது என்பது இப்போது உறுதியாகிவிட்டது. ஐரோப்பாவில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை வருசக்கணக்கில் பின்தொடர்ந்து 2019ல் முடிவு சொன்னார்கள். மருந்து எடுத்துக்கொண்ட துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

உங்கள் லைனில் ஏற்கெனவே பாசிட்டிவ் ஆன ஒருவர் குடியிருந்து, வாடகை கொடுத்து, காலி செய்துகொண்டு போயிருக்கலாம் அண்ணா. உங்களுக்குத் தெரிந்திருக்காது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

---

அமராவதி (தாராபுரம்) | ஜூலை 20, இரவு 9:30

வக்கீலாக இருக்கிறேன். சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது. வேலை, மருத்துவம், கல்வியோடு சேர்த்து, குடியிருக்கவும் வாடகைக்கு எடுக்கவும் உள்ள உரிமையையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். எச்ஐவி என்பதற்காக வீடு மறுப்பதும் காலி செய்யச் சொல்வதும் கூடாது. 8ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் சொன்னால் ஒழிய, ஒருவரை அவருடைய நிலையைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே நொய்யல்கரை, வீடு கேட்கும்போது நீங்கள் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. அவர் சம்மதம் இல்லாமல் சொல்லவும் கூடாது.

29ஆம் பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றாகக் குடியிருந்த குடும்ப வீட்டிலிருந்து எச்ஐவி உள்ளவரை வெளியேற்றக் கூடாது, வீட்டின் எந்தப் பகுதியையும் அவருக்கு மறுக்கக் கூடாது என்பது அது. அந்தச் சாளைப் பூட்டு இதற்குள் வரலாம். பாகப்பிரிவினை தனி விஷயம், பத்திரம் பார்த்தால்தான் சொல்ல முடியும். அவர் விரும்பினால் தனிச்செய்தியில் பேசட்டும், கட்டணம் வேண்டாம்.

---

பன்னிரண்டு_சக்கரம் (சங்ககிரி) | ஜூலை 21, அதிகாலை 4:37

இந்த இழையை ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் பாசிட்டிவ்தான். இங்கே முதல் தடவையாகச் சொல்கிறேன்.

லாரி ஓட்டினவன். இந்த நோய்க் கணக்கில் நாமக்கல் ஜில்லா நாட்டிலேயே மேலே இருந்த காலம் அது. நம் பக்கத்து டிரைவர்களுக்குக் கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். எனக்கு 2007ல் தெரிந்தது. வீட்டில் தெரிந்த அன்றைக்கே துணியை வெளியே வைத்துவிட்டார்கள். லாரியில் இருந்தவரை கேபின்தான் வீடு. டேஷ்போர்டு மேலே மாத்திரை. பிறகு உடம்பு முடியாமல் வண்டி போனதும் கேபினும் போச்சு.

அப்போது கொடுத்த மருந்தில் ஒன்று எஃபாவிரென்ஸ். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ராத்திரி படுக்கும்போது போடச் சொல்வார்கள். போட்ட ஒரு மணி நேரத்தில் தலை கிறுகிறுவென்று சுற்றும், கெட்ட கெட்ட கனவு வரும், உடம்பு கல்லாகக் கிடக்கும். வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவருக்குப் பரவாயில்லை. நான் ஈரோடு பஸ் ஸ்டாண்டில், பழக்கடைக்குப் பின்னால் அட்டை விரித்துப் படுத்திருந்தேன். அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுத் தூங்கினால் செருப்பு போகும், சட்டைப் பையில் இருக்கிற காசு போகும். ஒரு தடவை போலீஸ்காரர் தட்டி எழுப்பினார், எழ முடியவில்லை. குடித்திருக்கிறான் என்று நினைத்து லத்தியால் முழங்காலில் ஒன்று வைத்தார். நான் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. என் பையில் இருந்தது அரசாங்கம் கொடுத்த மாத்திரை.

அதற்குப் பிறகு என்ன செய்தேன்? மாத்திரையை விட்டேன். முழித்திருக்க வேண்டுமே. மையத்தில் கவுன்சலர் அம்மா "ஏன் விட்டீங்க?" என்று கேட்டபோது "மறந்துட்டனுங்க" என்று பொய் சொன்னேன். மறக்கவே இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்குத் தூங்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

2011ல் பழைய கிளீனர் ஒருவன், அவன் வீட்டு மாடியில் தகரம் போட்ட ஒரு ரூமைக் கொடுத்தான். மாதம் 600 ரூபாய். வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி காயும். முதல் ராத்திரி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். எழுந்து வந்து போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். நான்கைந்து தடவை பார்த்தேன். பிறகு மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து வெயில் முகத்தில் அடித்தபோதுதான் முழித்தேன். மூன்று வருசத்தில் அப்படித் தூங்கியதில்லை.

இன்றைக்கு அதே ரூமில்தான் இருக்கிறேன், வாடகைதான் கூடிவிட்டது. ஏஜென்சி ஆபீஸில் லோடு கணக்கு எழுதுகிறேன். போன தடவை வைரல் லோடு பார்த்ததில் வைரஸ் தெரியவே இல்லை. மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

தம்பி, யோசிக்காமல் ரூம் பிடியுங்கள். சாவி அவர் கையில் இருக்கட்டும்.

---

கவுன்சலர்_அக்கா | ஜூலை 21, காலை 6:20

"மறந்துட்டனுங்க" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படியே ரெஜிஸ்டரில் எழுதியிருக்கிறேன். மன்னியுங்கள் அண்ணா.

---

பன்னிரண்டு_சக்கரம் | ஜூலை 21, காலை 6:41

நீங்கள் கேட்கவாவது கேட்டீர்களே அம்மா. அது பெரிசு.

---

மஞ்சக்காடு | ஜூலை 21, மதியம் 12:10

சங்ககிரி அண்ணன் எழுதியதைப் படித்து மனசு கனத்துப் போச்சு. ஒரு சந்தேகம். எங்கள் பெரியப்பா மகனை வைத்துக் கேட்கிறேன், அவனுக்கு இந்த நோய் இல்லை, ஆனால் குடி. ரூம் பிடித்துக் கொடுத்தோம். இரண்டே மாதத்தில் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி தெருவுக்கு வந்துவிட்டான். இந்த அண்ணனுக்கும் குடி இருந்தால், முதலில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வீடு கொடுப்பதுதானே முறை?

---

சிறுவாணித்தண்ணி | ஜூலை 21, மதியம் 2:55

அக்கா, உலகம் முழுக்க ரொம்ப காலம் அந்த முறைதான் இருந்தது. குடியை நிறுத்து, ஒழுங்காக மருந்து சாப்பிடு, தேறினால் கடைசியில் வீடு. நியூயார்க்கில் 1992ல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அதைத் திருப்பிப் போட்டார். முதலில் வீடு, மற்றதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். தெருவில் தூங்குகிறவர்கள் பாதிப் பேர் குளிரையும் பயத்தையும் மறக்கத்தானே குடிக்கிறார்கள். அந்தப் பயம் இருக்கும்போதே நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவார்கள்?

ஆனால் உங்கள் பெரியப்பா மகன் கதையும் உண்மை. செம்பெரிஸ் முறையில் சாவியைக் கொடுத்துவிட்டு யாரும் போய்விடுவதில்லை. வாரம் ஒரு தடவையாவது ஒருவர் கதவைத் தட்டுவார். சிகாகோவிலும் அப்படித்தான். அப்படியும் வைரஸ் அடங்கியது 100க்கு 36 பேருக்குத்தான், மறக்கக் கூடாது.

---

ஏற்காடு_அடிவாரம் | ஜூலை 21, மாலை 6:02

அட்வான்ஸ் ரசீதை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கட்டும். ஒப்பந்தம் இருந்தால் ஆதாரில் முகவரி மாற்றலாம், அதை வைத்து ரேஷன் கார்டுக்கு எழுதிப் போடலாம். கார்டு வந்துவிட்டால் அரிசி இலவசம், 2011ல் இருந்து நம் மாநிலத்தில் அப்படித்தான். ஓட்டலில் இட்லிக்குக் கொடுக்கிற காசு வாடகைக்கு மிஞ்சும். தெருவில் இருக்கிறவருக்கு இது எதுவும் இல்லை, அவர்தான் ஒவ்வொரு வேளைக்கும் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்.

---

லைன்வீடு | ஜூலை 22, இரவு 7:33

இரண்டு நாளாக யோசித்தேன். சங்ககிரிக்காரர் எழுதியதை வீட்டில் அவளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "கடைசி வீடு வைகாசியிலிருந்து காலியாத்தானே கிடக்குது" என்றாள்.

நொய்யல்கரை, தனிச்செய்தி பாருங்கள்.

---

நொய்யல்கரை | ஜூலை 24, இரவு 10:50

முடிந்தது. இடம் எது என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். வாடகை 3,500, அட்வான்ஸ் பத்து மாதம். அதில் பாதியை ஓனர் அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். மீதியில் நானும் எங்கள் யூனிட் டெய்லர் இரண்டு பேரும் போட்டிருக்கிறோம். அவர்களிடம் "அண்ணனுக்கு வீடு இல்லை" என்று மட்டும்தான் சொன்னேன். வேறு காரணம் எதற்கு?

ஆனால் ஒரு சிக்கல். இது ஆடி. ஓனர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டார். குடி போகிறவர்தான் மாட்டேன் என்கிறார். "ஆடியில யாருங்க குடி போவாங்க? ஆவணி ஒண்ணாந்தேதி பால் காய்ச்சிட்டுப் போறனுங்க" என்கிறார். இன்னும் மூன்று வாரம் பஸ் ஸ்டாண்டா? எனக்குத் தாங்கவில்லை. நேற்று கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

---

கவுன்சலர்_அக்கா | ஜூலை 24, இரவு 11:15

அதுவரை மாத்திரைக்கு என்ன வழி என்று மட்டும் பாருங்கள் தம்பி. மற்றதை அவர் போக்குக்கு விடுங்கள்.

---

பன்னிரண்டு_சக்கரம் | ஜூலை 25, காலை 5:12

தம்பி, சத்தம் போட்டது தப்பு. நீங்கள் வீடு கட்டிக் குடி போயிருந்தால் ஆடியில் போவீர்களா? அவரை வீட்டை விட்டு வெளியே அனுப்பினபோது யாரும் நாள் பார்க்கவில்லை. இந்தத் தடவை நாள் பார்த்துப் போக ஆசைப்படுகிறார்.

---

நொய்யல்கரை | ஜூலை 25, இரவு 9:04

புரிந்ததுங்க அண்ணா. காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆவணி வரைக்கும் ராத்திரி யூனிட்டில் கட்டிங் டேபிள் பக்கத்தில் படுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். "வாட்ச்மேன்னு சொல்லிக்கலாங்க" என்றார். யூனிட் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. ஏற்காடு அடிவாரத்து அண்ணன் சொன்னபடி ஒப்பந்தம் அவர் பெயரிலேயே எழுதியாச்சு. கையெழுத்துப் போடும்போது, முகவரி என்கிற இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

---

நொய்யல்கரை | ஆகஸ்ட் 17, மதியம் 3:20

காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்சினோம். நான், டெய்லர் அக்கா இருவர், ஓனர் அண்ணன், அவர் வீட்டுக்காரம்மா. புது அலுமினியப் பாத்திரத்தில் பால் பொங்கினது கிழக்குப் பக்கமாக வழிந்தது. ஓனர் வீட்டம்மா ஒரு குடம் தண்ணீரும் அரை படி உப்பும் கொண்டு வந்து வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பொடுசுகள் இரண்டு சர்க்கரைக்காகச் சுற்றிச் சுற்றி வந்தன.

எல்லாரும் போன பிறகு அவர் பையைத் திறந்தார். அடுப்புக்கு எதிரே, வெயில் படாத பக்கம், சுவரில் ஒரு சின்ன மாடம் இருக்கிறது. பாட்டிலைத் திறந்து பனியன் வேஸ்ட் முழுவதையும் எடுத்துக் குப்பையில் போட்டார். மூடினார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு மாடத்தில் வைத்தார்.

---

கவுன்சலர்_அக்கா | ஆகஸ்ட் 17, மதியம் 3:41

தம்பி, துணியோடு சேர்த்து உள்ளே இருந்த அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலத்தையும் போட்டுவிடவில்லையே? அது ஈரத்தை உறிஞ்சுவதற்கு, பாட்டிலுக்குள்ளேயே இருக்கணும்.

---

நொய்யல்கரை | ஆகஸ்ட் 17, மாலை 6:15

போய்ப் பார்த்துக் கேட்டேன் அக்கா. உள்ளேதான் இருக்குதாம்.